காரெல் குரிஸ்மாவின் ஒலிச்சிற்பங்களை எப்படிக் கேட்பது?

கேள்வி இதுதான். எஸ்டோனியத் தலைநகர் தாலினில் உள்ள குமு கலை அருங்காட்சியகம், மூத்த கலைஞர் காரெல் குரிஸ்மாவின் படைப்புகளை 2018-இல் 'மஞ்சள் விளக்குகளின் இசைக்குழு' என்ற பெயரில் பெரிய கண்காட்சியாக வைத்தது. அதைப் பற்றிய சில காணொளித் துணுக்குகளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள்: "ஏதேதோ சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, சத்தம் வருகிறது. இது சிற்பமா, இசையா, விளையாட்டுப் பொருளா? ஒரு நாட்டின் பெரிய அருங்காட்சியகம் இதை இவ்வளவு மதிப்பாக எடுத்துச் செய்ய என்ன காரணம்? இந்த மாதிரிக் கண்காட்சிக்குப் போனால் எப்படிப் பார்க்க வேண்டும்? போக முடியாதவர்களுக்குக் காணொளி போதுமா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படைப்புகளை நின்று கேட்க வேண்டும். ஒன்றின் முன்னால் பத்து விநாடி நின்றுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தால், நீங்கள் பார்த்தது ஒரு பொருளின் வடிவத்தை மட்டும்தான். கலைஞர் செய்துவைத்தது நேரத்துக்குள் இருக்கிறது. எந்த நொடியில் எது அசைகிறது, அது எதன்மேல் தட்டுகிறது, அடுத்த தட்டு வரும்வரை எவ்வளவு இடைவெளி, இவைதான் படைப்பு. கீழே சொல்லப்போவதெல்லாம் இதன் விளக்கம்தான்.

குரிஸ்மா 1939-இல் பேர்னுவில் பிறந்தவர். எஸ்டோனியாவின் தென்மேற்கில், கடலோரத்தில் இருக்கும் ஊர் அது. ஓவியம் படித்து வந்தவர். எஸ்டோனியாவில் அசையும் சிற்பத்துக்கும் ஒலிக்கலைக்கும் முன்னோடி என்று கேட்டால் அங்கே எல்லோரும் முதலில் சொல்வது இவர் பெயரைத்தான். ஓவியனின் கண் அவருடைய இயந்திரங்களில் கடைசிவரை தெரியும். நிறத்தைப் பூசும் விதத்திலும், ஒரு உருண்டைக்குப் பக்கத்தில் இன்னொரு உருண்டையை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதிலும் ஒரு பொறியாளர் அவ்வளவு மெனக்கெட மாட்டார்.

அவர் கையாண்ட பொருள்களைப் பாருங்கள். கடைசல் பிடித்த மரத்துண்டுகள், பழைய மேசை நாற்காலிகளின் பாகங்கள், உருண்டைகள், மணிகள், பல்புகள், வீட்டுச் சாமான்களிலிருந்து கழற்றிய உறுப்புகள். இவற்றை இணைத்து, பளிச்சென்ற நிறம் கொடுத்து, உள்ளே ஒரு மோட்டாரை வைத்து ஓடவிடுகிறார். எல்லாமே யாரோ ஒருவர் வீட்டில் இருந்திருக்கக்கூடிய பொருள்கள். அதனால் அந்த இயந்திரங்களுக்கு ஒரு வீட்டு வாசனை இருக்கிறது. தொழிற்சாலையை நினைவூட்டுவதைவிட, பாட்டி வீட்டுக் கூடத்தில் எல்லாச் சாமானும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டது போன்ற உணர்வைத்தான் தருகின்றன.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நம் ஊர்க் கோயில்களில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டதும் முரசும் மணியும் சேகண்டியும் தானாக அடித்துக்கொள்ளும் இயந்திரம் இருக்கிறதல்லவா, அதன் அடிப்படையும் இதன் அடிப்படையும் ஒன்றுதான். மோட்டார் ஒரு தண்டைச் சுற்றுகிறது. தண்டில் மேடு வைத்த சக்கரம் இருக்கும். மெக்கானிக்குகள் அதைக் கேம் என்பார்கள். மேடு வரும்போது ஒரு சுத்தியல் மெல்ல உயர்கிறது, மேடு முடிந்ததும் விழுந்து தட்டுகிறது. கோயில் இயந்திரத்தில் எல்லாச் சுத்தியலும் ஒரே தண்டில் மாட்டியிருப்பதால் ஒரே தாளம் மாறாமல் திரும்பத் திரும்ப வரும். அங்கே அதுதான் தேவை. கலைஞன் இந்த இடத்தில்தான் விலகுகிறான். ஒவ்வொரு சுத்தியலுக்கும் தனி மோட்டார், அல்லது ஒரே மோட்டாரிலிருந்து வெவ்வேறு பல் எண்ணிக்கை கொண்ட கியர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மணி 7 விநாடிக்கு ஒருமுறை அடிக்கிறது. ஒரு மரக்கட்டை 11 விநாடிக்கு ஒருமுறை தட்டுகிறது. ஒரு தகரத்தட்டு 13 விநாடிக்கு ஒருமுறை உரசுகிறது. மூன்றையும் ஒரே நொடியில் தொடங்கிவிட்டால், மறுபடி மூன்றும் சேர்ந்து ஒலிக்க 1001 விநாடி ஆகும். கிட்டத்தட்ட 17 நிமிடம். இடைப்பட்ட நேரம் முழுக்க அவை ஒன்றையொன்று நெருங்கும், விலகும், இரண்டு இரண்டாகச் சேர்ந்து பிரியும். யாரும் எழுதாத ஒரு இசைக்கோவை மூன்று பல்சக்கரங்களுக்குள் இருக்கிறது. இந்த எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவைதான், ஆனால் இந்த வகைக் கலை முழுவதும் நிற்பது இந்தக் கணக்கின்மேல்தான். பார்வையாளர் நடுவில் எந்த நொடியில் வந்தாலும், அவர் கேட்கும் அந்தச் சேர்க்கை முழுச் சுற்று முடியும்வரை மறுபடி வராது.

இதற்குமேல் தற்செயலையும் உள்ளே விடலாம். சுத்தியலை இறுக்கமான கம்பியில் மாட்டாமல் ஸ்பிரிங்கிலோ நூலிலோ தொங்கவிட்டால், ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் முன்னே பின்னே விழும். சிலசமயம் இரண்டு முறை துள்ளும். மணிமேல் இரும்பு விழுவதும், ரப்பர் விழுவதும், கம்பளித்துணி சுற்றிய மரம் விழுவதும் மூன்று வேறு ஓசைகள். அந்த மணியை வெறும் கம்பியில் தொங்கவிடுவதற்கும் ஒட்டுப்பலகைப் பெட்டியின்மேல் பொருத்துவதற்கும் வித்தியாசம் உண்டு. பெட்டி அதிரும், ஒலி பெருகும், அடியில் ஒரு கனம் சேரும். சிற்பி கல்லில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று தீர்மானிப்பதுபோல இங்கே இதெல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் தட்டிப் பார்த்து, காதால் கேட்டுத் தீர்மானிக்கப்படுபவை.

அப்புறம் மோட்டாரின் சொந்தச் சத்தம். வீட்டு மின்சாரம் எஸ்டோனியாவிலும் நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் மோட்டாரும் மின்மாற்றியும் 100 ஹெர்ட்ஸில் முனகும். அது ஒரு தாழ்ந்த சுருதி. சில கலைஞர்கள் அதை மறைக்க மோட்டாரைப் பஞ்சில் பொதிந்துவைப்பார்கள். சிலர் அதைத் தம்பூராவின் இடத்தில் வைத்து, அதற்குமேல் மற்ற ஒலிகளை அடுக்குவார்கள். நேரில் கேட்கும்போது இதைக் கவனியுங்கள். மணியோசை மறையும்போது அடியில் இந்த முனகல் மட்டும் மிஞ்சும். காணொளியில், அதுவும் கைபேசி ஸ்பீக்கரில், இந்தத் தாழ்ந்த சுருதி பெரும்பாலும் கேட்கவே கேட்காது.

அடுத்து, ஏன் இவ்வளவு மதிப்பு என்ற கேள்வி. இதற்கு அவர் வாழ்ந்த காலத்தைப் பார்க்க வேண்டும்.

எஸ்டோனியா 1940-இல் சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது; 1991 ஆகஸ்டில்தான் மீண்டும் சுதந்திரம் பெற்றது. குரிஸ்மாவின் இளமையும் நடுவயதும் அந்த இடைவெளிக்குள் போனவை. சோவியத் அரசுக்கு இயந்திரம் என்றால் உற்பத்தி. டிராக்டர், விசைத்தறி, எஃகு ஆலை. சுவரொட்டி முதல் சுவரோவியம் வரை இயந்திரம் வரும்போதெல்லாம் அது எதையாவது தயாரித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஒரு தொழிலாளி நிமிர்ந்து நிற்பார். அந்த உலகத்தில் ஒருவர் எதையுமே தயாரிக்காத இயந்திரங்களைச் செய்கிறார். அவை சுற்றுகின்றன, மினுக்குகின்றன, மணி அடிக்கின்றன, நிற்கின்றன. அவற்றின் பயன் கேட்பவரின் மகிழ்ச்சி மட்டும்தான். இதை எதிர்ப்புக் கலை என்று எழுதுபவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிர்ப்பு என்று பெயர் வைத்ததுமே அந்த இயந்திரங்களை மறுபடியும் அரசோடு கட்டிப்போட்டுவிடுகிறோம். அவை அரசைப் பற்றி நினைக்கவேயில்லை என்பதுதான் அவற்றின் அழகு.

ஆனால் அவர் வெற்றிடத்திலிருந்து வரவும் இல்லை. ரஷ்யப் பகுதியில் இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. நௌம் காபோ 1919-20இல் மாஸ்கோவில் ஒரு மெல்லிய உலோகக் கம்பியை மோட்டாரால் அதிரவைத்து, அந்த அதிர்வின் வடிவத்தையே சிற்பம் என்று காட்டினார். 1922 நவம்பரில் பாகு நகரில் அர்செனி அவ்ராமோவ் ஆலைச் சங்குகள், கப்பல் ஊதல்கள், பீரங்கி வெடிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஊரையே இசைக்கருவியாக்கினார். அதற்கும் முன்னால் 1913-இல் இத்தாலியில் லூயிஜி ருஸ்ஸோலோ, இரைச்சலும் இசைதான் என்று அறிக்கை எழுதி, கைப்பிடி சுற்றினால் உறுமும் மரப்பெட்டிகளைச் செய்தார். ஸ்டாலின் காலத்தில் ரஷ்யாவில் இந்தச் சோதனைகளெல்லாம் அடங்கிப்போயின. 1962-இல் லெவ் நுஸ்பெர்க் மாஸ்கோவில் 'இயக்கம்' என்ற குழுவைத் தொடங்கிய பிறகுதான் அசையும் கலை அங்கே மறுபடி தலையெடுத்தது.

தாலினுக்கு இன்னொரு வசதி இருந்தது. வளைகுடாவுக்கு அக்கரையில் ஹெல்சின்கி. பின்லாந்துத் தொலைக்காட்சி தாலின் வீடுகளில் தெரிந்தது. மொழியும் உறவுமொழி என்பதால் புரிந்தது. விளம்பரங்களின் நிறங்கள், மேற்கத்திய நாற்காலிகள், பாட்டுகள் எல்லாம் அந்த வழியாக வந்தன. 1969-இல் தாலினின் பெகாசஸ் காப்பிக்கடையில் மாணவக் கலைஞர்கள் பாப் கலைக் கண்காட்சி ஒன்றை வைத்தார்கள் என்றால் இந்தச் சூழலை ஊகித்துக்கொள்ளுங்கள். 1966-இலேயே புரூனோ டோம்பெர்க் தாலின் கலைக் கல்வி நிறுவனத்தில் வடிவமைப்புத் துறையைத் தொடங்கியிருந்தார். எழுபதுகளின் நடுவில் ஸ்வென் குருன்பெர்கின் 'மெஸ்' இசைக்குழு அங்கேயே கட்டிய சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்து மேடையேறியது. அதைக் கட்டியவர் ஹார்மோ ஹார்ம். கடையில் கிடைக்காத கருவியை உட்கார்ந்து சால்டர் செய்து உருவாக்கும் ஆட்கள் அந்த ஊரில் இருந்தார்கள். குரிஸ்மாவின் இயந்திரங்களும் இதே மண்ணில் முளைத்தவைதான். சோவியத் பொருளாதாரத்தில் எதையும் தூக்கி எறியமாட்டார்கள், எதையும் பழுது பார்ப்பார்கள். பழைய நாற்காலிக் கால் சிற்பமாவதற்கு அந்த வாழ்க்கையும் ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. ஓவியம், சிலை என்று வந்தால் அதிகாரிகளின் கண் கூர்மையாக இருக்கும். கட்டட உள்ளலங்காரம், வடிவமைப்பு என்று வந்தால் அவ்வளவு இறுக்கம் கிடையாது. புதுமை அந்தக் கதவு வழியாகப் பொதுவெளிக்கு வந்துவிடும். குரிஸ்மாவின் ஒரு பெரிய அசையும் படைப்பு 1980-இல் தாலின் தலைமை அஞ்சலகத்தில் வைக்கப்பட்டது. மாஸ்கோ ஒலிம்பிக்கின் பாய்மரப்படகுப் போட்டிகள் அந்த ஆண்டு தாலினில் நடந்தன. அதையொட்டி ஊர் முழுக்கப் புதிய கட்டடங்கள் எழுந்தன, அஞ்சலகமும் அவற்றில் ஒன்று. தந்தி கொடுக்கவும் தபால்தலை வாங்கவும் வந்த மக்கள், வரிசையில் நின்றபடி ஒரு அசையும் சிற்பத்தைப் பார்த்திருக்கிறார்கள். கலைக்கூடத்துக்கு ஒருபோதும் போகாதவர்கள் அவர்கள். பின்னாளில் அஞ்சலகம் இடம் மாறிவிட்டது. அந்தக் கட்டடம் இன்று கடைவளாகம்.

மேற்கே இதே காலத்தில் செய்தவர்களோடு வைத்துப் பார்த்தால் குரிஸ்மாவின் குணம் இன்னும் தெளிவாகும். சுவிட்சர்லாந்தின் ழான் டிங்கெலி 1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், தன்னையே உடைத்துக்கொள்ளும் ஒரு பிரம்மாண்ட இயந்திரத்தை ஓடவிட்டார். சக்கரங்கள், ஒரு பியானோ, புகை, தீ, கடைசியில் தீயணைப்பு வீரர்கள். டிங்கெலியின் இயந்திரங்கள் பெரும்பாலும் துருவும் கிரீச்சொலியும் கொண்டவை. ஓடும்போதே சிரமப்படுவதாகத் தோன்றும். கிரேக்கத்தின் டாக்கிஸ் நேரெதிர். ஒரு கம்பித்தந்தி, அதன் முன்னால் தொங்கும் ஊசி, பின்னால் ஒரு மின்காந்தம். மின்சாரம் பாயும்போது ஊசி இழுபட்டுத் தந்தியைத் தொடும். அவ்வளவுதான். கோயில் கருவறைபோல ஒரு கண்டிப்பு அதில் இருக்கும். அமெரிக்காவில் ஹாரி பெர்டோயா மோட்டாரே வைக்கவில்லை. நெருக்கமாக நட்ட உலோகக் கம்பிகளைக் கையால் வருடினால் அவை நாணல்போல ஆடி மோதி நீண்ட நேரம் ஒலிக்கும். குரிஸ்மாவிடம் டிங்கெலியின் சீற்றமும் இல்லை, டாக்கிஸின் கடுந்தவமும் இல்லை. அவருடையது மென்மை. நிறமும் உருண்டையும் மஞ்சள் வெளிச்சமும் சேர்ந்து, குழந்தைக்கும் முதியவருக்கும் ஒரே நேரத்தில் திறக்கும் கதவு. அந்த மென்மையைக் கலை விமர்சனம் நெடுங்காலம் இளக்காரமாகப் பார்த்தது என்பது என் எண்ணம். கடுமையாக இருந்தால்தான் ஆழம் என்று நம்பும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. வயதான பிறகு ஒரு கலைஞருக்கு இப்படி ஒரு முழு வாழ்நாள் கண்காட்சி அமைவது அந்தப் பார்வை மாறியதற்கு அடையாளம். மகிழ்ச்சி தரும் கலையைச் செய்வது கடினம் என்று இப்போது ஒத்துக்கொள்கிறார்கள்.

எஸ்டோனியா என்றாலே பாட்டு என்பார்கள். 1869-இல் தார்த்து நகரில் தொடங்கிய பாடல் விழா இன்றும் நடக்கிறது. பல்லாயிரம் பேர் ஒன்றாக நின்று பாடுவார்கள். சுதந்திர இயக்கத்துக்கே பாடும் புரட்சி என்றுதான் பெயர். தாலினின் பாடல் மைதானம் குமுவிலிருந்து அதிக தூரமில்லை. அப்படி ஒரு நாட்டில், சொல்லும் இல்லாத, பாடகரும் இல்லாத ஒரு இசைக்குழுவை ஒருவர் மரத்திலும் மோட்டாரிலும் கட்டினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கூட்டுப்பாடலில் எல்லோரும் ஒரே தாளத்துக்கு வர வேண்டும். இங்கே ஒவ்வொரு பொருளும் தன் சொந்த வேகத்தில் போகிறது, இருந்தும் ஒரு கூடத்தில் சேர்ந்து வாழ்கிறது.

இப்போது, பலரும் யோசிக்காத ஒரு பக்கம். இந்தக் கண்காட்சிகளைச் செய்வது ஓவியக் கண்காட்சியைவிடப் பல மடங்கு கடினம். ஓவியத்தைச் சுவரில் மாட்டினால் அது இருக்கும். இந்த இயந்திரங்கள் ஓட வேண்டும், ஓடினால் தேயும். ரப்பர் பெல்ட் காய்ந்து வெடிக்கும். சுத்தியலின் கம்பளி நசுங்கி ஒலி கூர்மையாகும். மோட்டாரின் புஷ் தேய்ந்து தண்டு ஆடும். ஐம்பது வருடத்துக்கு முன் சோவியத் ஆலையில் செய்த மோட்டாருக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?

சரி, புது மோட்டார் போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இந்த வகைச் சின்னக் கியர் மோட்டார்களின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மின்சாரத்தின் அலைவெண்தான். உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் அதன்மேல் 5/6 ஆர்பிஎம் என்று அச்சடித்திருப்பதைப் பல மாடல்களில் காணலாம். 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 5 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 6 சுற்று என்று பொருள். ஐரோப்பாவில் செய்த அப்படிப்பட்ட ஒரு ஒலிச்சிற்பத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் நேராக மின்சாரத்தில் மாட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். மணியின் சுருதி மாறாது, ஆனால் தாளம் முழுக்க மாறிவிடும். நிதானமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது அவசரப்பட ஆரம்பிக்கும். ஆக, மோட்டாரை மாற்றுவது ஒரு இசைக்கோவையின் காலப்பிரமாணத்தை மாற்றுவதற்குச் சமம். பழுது பார்ப்பவர் பழைய வேகத்தை அளந்து குறித்துக்கொண்டு, புதிய மோட்டாரை அதற்குப் பொருத்த வேண்டும். பழைய ஒலிப்பதிவு ஏதாவது இருந்தால் அதுதான் அவருக்குத் தங்கம்.

விளக்குகளிலும் இதே கதை. ஐரோப்பிய ஒன்றியத்தில் குண்டு பல்புகளை 2009-இலிருந்து 2012-க்குள் படிப்படியாக நிறுத்தினார்கள். குண்டு பல்பு சட்டென எரியாது. இழை சூடேறி வெளிச்சம் எழும். அணைக்கும்போதும் ஒரு சிவப்புச் சாயலில் அடங்கும். எல்இடி அப்படி இல்லை, பட்டென்று எரிந்து பட்டென்று அணையும். மஞ்சள் விளக்கைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஒரு கண்காட்சியில் இந்தச் சின்னத் தயக்கம் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். தாளத்தில் பல்பும் ஒரு வாத்தியம்தான். அது எழும் வேகமும் அடங்கும் வேகமும் மணியின் ஒலி மெலிந்து மறையும் விதத்தோடு சேர்ந்து கண்ணுக்கும் காதுக்கும் ஒரே அனுபவமாக வருகிறது.

இப்படித் தேயும் பொருள்களை எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்பதும் ஒரு முடிவு. பாசெலில் உள்ள டிங்கெலி அருங்காட்சியகத்தில் பார்வையாளர் ஒரு பொத்தானை மிதித்தால் இயந்திரம் சிறிது நேரம் ஓடும், பிறகு ஓய்வெடுக்கும். ஓய்வு முடியாமல் மறுபடி ஓடாது. அதனால் ஒரு கூடத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் அலறாமலும் இருக்கும். ஒலிக்கண்காட்சியில் ஒன்றின் சத்தம் மற்றொன்றின்மேல் ஏறிவிடுவதுதான் பெரிய தலைவலி. சுவர் எழுப்பினால் ஒவ்வொன்றும் தனித்துப்போகும். திறந்து வைத்தால் மெல்லிய ஒலிகள் செத்துவிடும். நல்ல அமைப்பாளர் யாரை எப்போது பேசவிடுவது என்று வரிசைப்படுத்துவார். என்னைக் கேட்டால், ஒலிக்கலைக் கண்காட்சியின் தரத்தை அளக்க அதன் அமைதியைத்தான் பார்க்க வேண்டும். ஒரு படைப்பு நின்றதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று.

இனி, போனால் எப்படிப் பார்ப்பது. குமு காட்ரியோர்க் பகுதியில் இருக்கிறது. டிராமில் இறங்கிப் பூங்கா வழியாக நடந்து போகலாம். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் பெக்கா வாபாவோரி வடிவமைத்தது, 2006-இல் திறந்தது. சுண்ணாம்புக்கல் சரிவுக்குள் பாதி புதைந்திருக்கும் பெரிய கட்டடம். 2008-இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியக விருதைப் பெற்றது. அங்கேயோ, வேறு எந்த ஊரிலோ, இந்த வகைக் கண்காட்சிக்குப் போனால் நான் சொல்லும் யோசனைகள் இவை.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். முதலில் கூடத்தை ஒரு சுற்று மெதுவாக நடந்துவிட்டு, காது எதன் பக்கம் இழுக்கிறதோ அதன் முன்னால் போய் நில்லுங்கள். ஒரு முழுச் சுழற்சி முடியும்வரை நகராதீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுழற்சி. அப்போதுதான் எத்தனை ஒலிகள் இருக்கின்றன என்று தெரியும். கண் திறந்திருக்கும்போது அசைவது மட்டும்தான் ஒலிப்பதாகத் தோன்றும். அப்புறம் கண்ணைத் திறந்து, நீங்கள் கேட்ட ஒவ்வொரு ஒலியும் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். சிலசமயம் மிகப் பெரிய உருண்டை சுற்றும்போது ஒரு சத்தமும் வராது, பின்னால் மறைந்திருக்கும் சின்னத் தகடுதான் அந்தக் கூடத்தையே நிறைத்திருக்கும். பக்கவாட்டிலும் பின்னாலும் போய்ப் பாருங்கள். வயரும் பெல்ட்டும் தெரிந்தால் அது குறையில்லை; எது எதை இழுக்கிறது என்று தொடர்ந்து பார்ப்பதே ஒரு இன்பம். தொடக்கூடாது என்று பலகை இருந்தால் தொடாதீர்கள். முன்னே சொன்ன தேய்மானம்தான் காரணம்.

குழந்தைகளைக் கூட்டிப்போங்கள். இது விளையாட்டுப் பொருளா என்று கேட்டிருந்தீர்கள். விளையாட்டுப் பொருளின் குணம் இதில் நிறைய இருக்கிறது, அதனால் இதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. குழந்தை ஒரு இயந்திரத்தின் முன் நிற்கும்போது "அடுத்து எது அடிக்கும்?" என்றுதான் காத்திருக்கும். இந்தக் கலை நம்மிடம் கேட்பதும் அந்தக் காத்திருப்பைத்தான். சிற்பமா இசையா என்பதற்கும் இதே பதில்தான். வடிவம், எடை, நிறம், வைத்திருக்கும் இடம் இவற்றால் அது சிற்பம். காலத்தைப் பகுத்து ஒழுங்கு செய்வதால் அது இசை. செய்தவர் இரண்டையும் ஒரே கையால் செய்திருக்கிறார். பார்ப்பவர் பிரிக்க வேண்டிய அவசியமில்லை.

கடைசியாகக் காணொளி. போக முடியாதவர்களுக்கு அது நிச்சயம் உதவும், ஆனால் இரண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பெரும்பாலான துணுக்குகள் அரை நிமிடத்தில் வெட்டி அடுத்ததற்குப் போய்விடும். மேலே போட்ட 17 நிமிடக் கணக்கை நினைத்தால் அதில் என்ன இழக்கிறோம் என்று தெரியும். வெட்டாமல் ஒரே படைப்பில் நிலைத்து நிற்கும் பதிவு கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது கைபேசி ஸ்பீக்கரில் தொலைந்துவிடும். நல்ல ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். பின்னணியில் யாராவது வேறு இசையைச் சேர்த்திருந்தால் அந்தக் காணொளியை விட்டுவிடுங்கள், அதில் உங்களுக்குக் கிடைப்பது படம் மட்டும்தான்.

எஸ்டோனியாவுக்கே போகிறீர்கள் என்றால், தாலினோடு திரும்பிவிடாமல் தெற்கே வோரு மாவட்டக் காட்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். எஸ்டோனியக் கலைக் கழகத்தின் உள்ளமைப்புக் கட்டடக்கலை மாணவர்கள் 2015-இல் பான்னி என்ற இடத்தில் மூன்று பெரிய மரக் குழல்களைக் காட்டுக்குள் வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே உட்காரும் அளவு பெரியது. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. காட்டின் ஒலிகளை மூன்று குழல்களும் வாங்கி நடுவில் உட்கார்ந்திருப்பவரிடம் சேர்க்கின்றன. குரிஸ்மாவின் இயந்திரங்களைக் கேட்டுப் பழகிய காதோடு அங்கே உட்கார்ந்தால் இலை உரசும் சத்தத்திலும் இடைவெளிகளை எண்ணத் தொடங்கிவிடுவீர்கள்.